செபமும் மருந்தும்

நோயுற்ற பிள்ளை ஒன்று பாயிலே கிடக்கின்றது. தலைமாட்டில் அமர்ந்திருக்கும் தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றாள்; அவள் உதடுகள் இறைவன் நாமத்தை உச்சரிக்கின்றன. தகப்பன் வைத்தியரை அழைத்துவரப் போயிருக்கின்றான். எந்தச் சமயத்தார் இல்லத்திலும் காணத்தக்க காட்சி இது. வைத்தியருக்கு ஆள் அனுப்பியதனால் அத்தாய்க்கு இறைவனிடத்து நம்பிக்கை குறைந்துவிட்டதென்று நம்மில் எவரும் கூறமாட்டோம். ஆயினும், கிறித்தவ சமய வரலாற்றிலே இவ்வாறு கூறியவர்களும் இருந்திருக்கின்றனர். செபத்தினால் நோய் தீருமாயின் மருந்து எதற்கு? மருந்தினால் நோய் தீருமாயின் செபம் எதற்கு? செபித்தும் நோய் தீராதாயின் குற்றம் எவரிடத்தது? இம்மூன்று வினாக்களும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றன. அவ்வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும். அதில் ஒரு முக்கியமான பகுதி நமது யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே நிகழ்ந்தது என்பதும் நாம் நினைவுகூரத் தக்கதாகும்.

முதலிலே வேதாகமத்தை நோக்குவோம். இயேசுநாதர் குருடருக்குப் பார்வையளித்தார், குட்டரோகிகளைச் சுத்தமாக்கினார், முடவரை நடக்கச் செய்தார் என்று சுவிசேடங்கள் கூறுகின்றன. நோயுற்றவன் சபையின் மூப்பர்களை அழைப்பானாக, அவர்கள் அவனுக்கு எண்ணெய் பூசிச் செபிப்பார்களாக, விசுவாசத்தோடு கூடிய செபம் அவனை இரட்சிக்கும் என்பது யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின் கருத்து. மருந்தை மறுத்தவர் எல்லாரும் பெரும்பாலும் இந்த அதிகாரத்தையே தமக்கு ஆதாரமாகக் கொண்டனர். ஆனால் அதே வேதாகமத்தில் வேறு செய்திகளும் உள. பவுல் அப்போஸ்தலர் தம் உடலிலே தைத்த முள் ஒன்றை நீக்குமாறு மும்முறை வேண்டினார், அது நீங்கவில்லை. தம்முடன் வந்த துரோப்பீமு என்பவரை மிலேத்துப் பட்டினத்தில் நோயாளியாகவே விட்டுச் சென்றார். வயிற்று உபாதையுற்ற தீமோத்தேயுவுக்குச் சிறிது திராட்சரசம் அருந்துமாறு எழுதினார். அவருடைய அன்புக்குரிய தோழரான லூக்கா ஒரு வைத்தியர். கத்தோலிக்கத் திருச்சபையார் வேதநூலாக ஏற்றுக்கொண்டுள்ள சீராக் ஆகமமோ வைத்தியனைக் கனம்பண்ணும்படியும், மருந்துகளை மண்ணிலிருந்து தோற்றுவித்தவர் ஆண்டவரே என்றும் அறிவுறுத்துகின்றது. ஆகவே வழக்கின் இரு பக்கத்துச் சாட்சிகளும் ஒரே நூலுக்குள்ளேயே இருந்தன.

நான்காம் நூற்றாண்டிலே, இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த செசரியா நகரில் பசீலியார் என்னும் ஆயர் ஒருவர் வாழ்ந்தார். இளமையிலிருந்தே நோயினால் வருந்தியவர். ஏதென்ஸ் நகரிற் கற்ற காலத்தில் வைத்தியமும் ஓரளவு பயின்றவர். 370ஆம் ஆண்டையடுத்து அவர் அந்நகரின் புறத்தே ஒரு பெரிய தருமசாலையை எழுப்பினார். வறியவர்க்கு உணவும், வழிப்போக்கர்க்கு இடமும், குட்டரோகிகள் உட்பட நோயாளர்க்குச் சிகிச்சையும் அங்கே கிடைத்தன. மருந்தை நாடுவது பக்திக்கு முரணானதா என்று துறவியர் வினவியபோது அவர் கூறிய விடையின் கருத்து இது: பசி வந்த மனிதனுக்கு உழவுத் தொழிலைக் கொடுத்த கடவுளே நோய் வந்த மனிதனுக்கு வைத்தியத் தொழிலையும் கொடுத்தார், அதை வெறுத்தலும் ஆகாது, முழு நம்பிக்கையையும் அதன்மேல் வைத்துவிடுதலும் ஆகாது. பிற்காலத்து மிசன் வைத்தியசாலைகள் எல்லாம் இந்த ஒரு விடையின் வழியிலேயே எழுந்தன எனலாம்.

வட ஆபிரிக்காவில் வாழ்ந்த அகுஸ்தீனார் முதலில் அற்புதங்களின் காலம் அப்போஸ்தலரோடு கழிந்தது என்ற கருத்துடையவராயிருந்தார். முதிய வயதில் அக்கருத்தை மாற்றிக்கொண்டு, தம் காலத்தில் நிகழ்ந்த சுகப்படுதல்கள் பலவற்றைத் தமது பெருநூலின் இறுதிப் பகுதியிலே பதிவு செய்தார். கார்த்தேசு நகரில் ஒரு கனவானுக்கு மூலத்தில் உண்டான புண்ணுக்கு இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் மாலை அவரும் நண்பரும் கண்ணீரோடு செபித்தனர். மறுநாட் காலையில் ஆயுதங்களோடு வந்த இரண வைத்தியர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, புண் ஆறியிருக்கக் கண்டார் என்று அகுஸ்தீனார் எழுதுகின்றார். இதனை எவ்வாறு விளக்குவது என்பதில் இன்று கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். செபித்த அவ்வீட்டார் வைத்தியரை வரவேண்டாமென்று சொல்லவில்லை. புண் ஆறியதை ஆராய்ந்து கூறியவரும் அவ்வைத்தியரே.

இனி, பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1721ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்தன் நகரிலே வைசூரி பரவிற்று. ஏறத்தாழ 11,000 மக்கள் வாழ்ந்த அந்நகரில் 6,000 பேரளவில் நோய்ப்பட்டனர். 844 பேர் மாண்டனர். அந்நகரத்துப் போதகரான கொற்றன் மாதர் என்பவருக்கு அடிமையாயிருந்த ஒனேசிமசு என்னும் ஆபிரிக்கர், வைசூரிப் புண்ணின் நீரைச் சிறிதளவு தோலிற் கீறி ஏற்றினால் நோயின் கடுமை தணியும் என்று தம் நாட்டு வழக்கத்தை முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தார். மாதர் அதனை நம்பினார். போயில்ஸ்ரன் என்னும் வைத்தியர் செய்துகாட்டினார். நகரில் பெருங் கிளர்ச்சி மூண்டது. கடவுள் விதித்ததை மனிதன் தடுப்பதா என்றனர் பலர். மாதர் வீட்டினுள்ளே வெடிகுண்டும் எறியப்பட்டது. இங்கே நாம் வியக்கத்தக்கது யாதெனில், முன்னணிப் போதகர்கள் புதுமுறையை ஆதரிக்க, நகரிலே வைத்தியப் பட்டம் பெற்றிருந்த டக்ளசு என்பவர் அதனை எதிர்த்தார் என்பதே. போயில்ஸ்ரனிடம் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 240 பேரில் இறந்தவர் 6 பேர். சமயம் ஒரு புறமும் விஞ்ஞானம் மறு புறமும் நின்று போரிட்டன என்று எளிதாகக் கூறுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் நன்று.

அடுத்த நூற்றாண்டிலே வாந்திபேதி ஐரோப்பாவை நடுங்க வைத்தது. 1832ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு நாடு முழுவதும் உபவாசமிருந்து செபிக்க ஒரு நாளைக் குறித்தது. 1853ஆம் ஆண்டில் நோய் மீண்டும் வந்தபோது எடின்பரோ நகரத்துப் போதகர் சங்கத்தார் அத்தகைய நாளொன்றைக் குறிக்குமாறு வேண்டினர். அப்பொழுது உள்நாட்டு மந்திரியாயிருந்த பாமேஸ்ரன் பிரபு அதற்கு இணங்கவில்லை. ஏழைகள் வாழும் ஒழுங்கைகளையும் குடிசைகளையும் முதலிற் சுத்தப்படுத்துங்கள். அதைச் செய்யாதவிடத்துச் செபமும் உபவாசமும் பயன்தரா என்ற கருத்துப்பட விடையனுப்பினார். சிலர் அதனை நாத்திகம் என்றனர். அடுத்த ஆண்டிலே ஜோன் சினோ என்னும் வைத்தியர், இலண்டனில் ஒரு வீதியிலிருந்த நீர்க்குழாயே அவ்வட்டாரத்து மரணங்களுக்குக் காரணமென்று காட்டினார். மனிதர் செய்யவேண்டிய கடமையைச் செய்யாமல் கடவுளிடம் கேட்பது செபமாகுமா என்னும் வினா இதிலிருந்து எழுந்தது.

இத்தகைய ஒரு காலத்திலேதான் அமெரிக்க மிசன் வைத்தியர்கள் நம் நாட்டுக்கு வந்தனர். அமெரிக்க மிசனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். 1819ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியரான ஜோன் ஸ்கடர் தம் மனைவியோடு கப்பலேறினார். வழியிலே, கல்கத்தாவில், அவர்களுடைய குழந்தை இறந்தது. செபத்திலே உறுதியுள்ள தந்தை. அவர்தாமே கைதேர்ந்த வைத்தியர். செபமும் மருந்தும் ஒருங்கே இருந்தும் அக்குழந்தையைக் காக்க இயலவில்லை. இத்துயரத்தோடு யாழ்ப்பாணம் வந்த அவர் பண்டத்தரிப்பிலே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1836ஆம் ஆண்டில் சென்னைக்கு மாறும்வரை இங்கே பணியாற்றினார். செபித்தவர்க்கெல்லாம் சுகம் கிடைத்தே தீரும் என்று நம்பிய ஒருவராயின் கல்கத்தாவிலிருந்தே திரும்பிப் போயிருப்பார். ஸ்கடரின் நம்பிக்கை அவ்வகையினதன்று. அவர் பேர்த்தியாரான ஐடா ஸ்கடர் அம்மையாரே பின்னாளில் வேலூரிலே புகழ்பெற்ற வைத்தியசாலையையும், 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கான வைத்தியக் கல்லூரியையும் நிறுவியவர்.

ஸ்கடருக்குப் பின் வந்தவர்களுள் தலைசிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் 1822ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். நமது ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டிலாகும். நியூயோர்க்கில் வைத்தியம் கற்றுத் தேறிய கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயிலே வைத்திய மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். இடையில் சில ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தது நீங்கலாக, 1873ஆம் ஆண்டு வரை அவர் இங்கேயே உழைத்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர்.

மானிப்பாய் வைத்தியசாலையிலே வேதவாசிப்பும் செபமும் சிகிச்சையோடு சேர்ந்தே நடந்தன. வந்தவர்களிற் பெரும்பாலோர் சைவர்கள். அவர்கள் செபத்தைப் பொறுமையோடு கேட்டிருந்து பின்னர் மருந்தை வாங்கிக்கொண்டு போயினர். செபம் கேட்டதனாலேயே நோய் தீருமென்று கிறீன் அவர்களுக்குக் கூறவில்லை. அவ்வாறு கூறுபவராயின் அவர் மாணவருக்கு அங்காதிபாதமும் இரசாயனமும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. மருந்தைக் கொடுப்பது தம் கடமை, சுகத்தைக் கொடுப்பது ஆண்டவர் சித்தம் என்ற தெளிவோடு அவர் தம் கடமையில் ஒரு குறையும் வையாது உழைத்தார்.

அக்கடமையை அவர் எவ்வளவு தூரம் விரித்துக்கொண்டார் என்பதை அவர்தம் நூல்கள் காட்டுகின்றன. ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்வதையும், கிராமத்து நோயாளி கைவிடப்படுவதையும் கண்ட அவர், 1864ஆம் ஆண்டளவிலிருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். மாணவர் தமிழராகவே உடுத்து, தமிழராகவே தம் ஊரில் வாழ்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். நூல்கள் இல்லை; ஆகவே அவற்றை ஆக்க வேண்டியதாயிற்று. சாப்மன், டான்வதர் முதலிய தம் மாணவரின் துணையோடு அவர் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிப்படுத்தினார். அவை மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேற்படும். கலைச்சொல் வேண்டியவிடத்து முதலிலே தமிழிலும், பின் வடமொழியிலும் தேடி, கிடையாதபோது மாத்திரம் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினார். தாயகம் திரும்பிய பின்னரும், 1884ஆம் ஆண்டில் இறக்கும் வரையில், அவர் அப்பணியை விடவில்லை. தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்று தம் கல்லறையிற் குறிக்கப்படுவதையே அவர் விரும்பினார், அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளது.

ஆயினும் அக்காலத்து வைத்தியத்தின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. 1860களில் யாழ்ப்பாணத்தை வாந்திபேதி வாட்டியபோது, அந்நோயின் கிருமி இன்னதென்று உலகம் அறிந்திருக்கவில்லை. ரொபேட் கொக் அதனை நிலைநாட்டியது 1883, 1884ஆம் ஆண்டுகளிலேதான். பல வேளைகளிலே வைத்தியர் நோயாளியின் அருகிலிருந்து ஆறுதல் கூறவும் செபிக்கவும் மாத்திரமே இயன்றது. அதுவும் ஒரு பணியே. நம்மவருக்கு இது புதுமையுமன்று. பாண்டியனுடைய வெப்பு நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றினாற் தீர்த்த வரலாற்றைச் சைவர் அறிவர். அதே மக்களிடையே சித்த வைத்தியமும் தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வந்தது. கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர் பரியாரியாரையும் அழைத்தே வந்தனர்.

இவ்விரண்டையும் பிரித்துப் பகையாக்கியவர்களின் கதையையும் கூறாது விடலாகாது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் 1838ஆம் ஆண்டில் ஜேம்சு பான்யாட் என்பவர் ஒரு சபையைத் தொடங்கினார். யாக்கோபு நிருபத்தின்படி செபமும் எண்ணெயுமே போதும், மருந்து வேண்டா என்பது அச்சபையார் கொள்கை. 1850களிலே பான்யாடின் மகனே நோயுற்றான். தந்தை மனம் பொறுக்கவில்லை, வைத்தியரை அழைத்தார். சபை அவரைத் தலைமையிலிருந்து நீக்கியது. 1868ஆம் ஆண்டில் அச்சபையைச் சேர்ந்த பெற்றோர் இருவர், தம் குழந்தை வைத்தியமின்றி இறந்தமைக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அன்போடு பேணினார்கள், மனமார நம்பினார்கள் என்ற காரணத்தால் விடுவிக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே பாராளுமன்றம், பிள்ளைக்கு வைத்திய உதவி அளியாது விடுதல் குற்றமெனச் சட்டம் இயற்றிற்று. 1875ஆம் ஆண்டில் அதே சபையைச் சேர்ந்த மற்றொரு தந்தைக்கு எதிரான தீர்ப்பு உறுதி செய்யப்பட்டது. 1910ஆம் ஆண்டில் தொண்டை அடைப்பான் நோய் பரவிப் பிள்ளைகள் பலர் மடிந்தபோது அச்சபையே இரண்டாகப் பிளந்தது. பெரியவர் ஒருவர் தம் உடல் குறித்து எடுக்கும் முடிவு வேறு. பேசவறியாப் பிள்ளையின் உயிர் குறித்து எடுக்கும் முடிவு வேறு என்பதை உலகம் இவ்வாறு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1906ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் எழுச்சிபெற்ற பெந்தகொஸ்தே இயக்கம் 1920களில் இலங்கையையும் அடைந்த பின், தெய்வீக சுகம் பற்றிய பேச்சு இங்கும் வலுப்பெற்றது.

செபத்தின் பயனை அளந்து பார்க்கவும் சிலர் முயன்றனர். 1871ஆம் ஆண்டின் இறுதியில் வேல்ஸ் இளவரசர் குடற்காய்ச்சலாற் சாகுந்தறுவாயில் இருந்தார், நாடு முழுவதும் செபித்தது, அவர் பிழைத்தார். மறு ஆண்டிலே, வைத்தியசாலையொன்றில் ஒரு பகுதி நோயாளருக்காக மாத்திரம் சில ஆண்டுகள் செபித்து, மரண எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்ற யோசனையை ரிண்டல் என்னும் விஞ்ஞானி வெளியிடச் செய்தார். நாள்தோறும் ஆலயங்களிற் செபிக்கப்படும் அரச குடும்பத்தார் மற்றைச் செல்வரினும் நீண்ட காலம் வாழ்வதில்லையென்று கால்ரன் என்பவர் கணக்கெடுத்து எழுதினார். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, இருதய சத்திரசிகிச்சை பெற்ற 1,802 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. தமக்காகச் செபிக்கப்படுகிறதா இல்லையா என்பதை அறியாதவருள், செபிக்கப்பட்டவரில் நூற்றுக்கு 52 பேருக்கும், செபிக்கப்படாதவரில் நூற்றுக்கு 51 பேருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. செபிக்கப்படுகிறதென்று திட்டமாக அறிந்திருந்தவரிடையே அத்தொகை 59 ஆக இருந்தது.

இதிலிருந்து செபம் வீண் என்று முடிவு கட்டுவோரும் உளர்; கடவுளைச் சோதனைச்சாலையில் நிறுத்த இயலாது என்போரும் உளர். அவ்விவாதத்தைத் தீர்த்து வைப்பது என் நோக்கமன்று. வரலாற்றைக் கற்றவன் என்ற அளவிலே இரண்டு உண்மைகளைக் கூறலாம். செபத்தை மருந்தின் இடத்தில் வைத்தவர் காலத்தில் துன்பப்பட்டவர் பெரும்பாலும் பிள்ளைகள். செபத்தினால் உந்தப்பட்டு மருந்தைத் தேடியவர்களோ வைத்தியசாலைகளைக் கட்டினார்கள். பிறமொழி பேசும் மக்களுக்காக அவர்கள் மொழியிலேயே நூல் எழுதினார்கள்.

மூன்றாவது வினாவொன்று எஞ்சி நிற்கின்றது. செபித்தும் பிள்ளை பிழைக்கவில்லையாயின் குற்றம் எவரிடத்தது? உனக்கு நம்பிக்கை போதவில்லை என்று துயருற்ற தாயிடம் கூறுவோர் எக்காலத்தும் உளர். புண்ணிலே வேல் பாய்ச்சுதல் போன்ற கொடுமை அது. அவர்களுக்கு விடையாகப் பவுலின் நீங்காத முள்ளும், கல்கத்தாவிலே ஸ்கடர் தம்பதியர் அடக்கம் செய்த குழந்தையும் இருக்கின்றன. அவ்விருவருடைய நம்பிக்கையையும் குறைவென்று கூற யாருக்குத் துணிவுண்டு? இன்றும் மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தன் பிள்ளையோடு அவ்வாயிலிற் கால்வைக்கும் தாய், மனத்தினுள்ளே செபித்துக்கொண்டே வைத்தியரிடம் செல்லலாம். அவ்விரண்டில் எதையும் அவள் வாயிலுக்கு வெளியே விட்டுச் செல்ல வேண்டியதில்லை.